ரசிகன் திட்டுகிறான், டிஸ்க் விற்கிறது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். ஓர் அலமாரியில் பிளேஸ்டேஷன் டிஸ்க்கும் விற்கிறேன்; புதுசு கொஞ்சம், பழசு நிறைய. தீபாவளிக்கு முன் புதிய கால்பந்து கேம் 12 பிரதி எடுக்கலாம் என்றிருந்தேன். காலேஜில் படிக்கும் என் அக்கா மகன், “எடுக்காதீங்க மாமா, ரசிகர்கள் எல்லாரும் காறித் துப்புறாங்க” என்று போனில் பக்கம் பக்கமாகக் காட்டினான். நம்பலாமா?

பதில்: அந்தத் திட்டெல்லாம் உண்மைதான். திட்டியவர்களில் எத்தனை பேர் உங்கள் கடைப் படி ஏறுவார்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

இதே பயத்தில் நானும் ஒருமுறை சூடுபட்டேன். 2019-இல் ஈப்போவில் கேம் வியாபாரம் செய்துகொண்டிருந்த நேரம். நிண்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் கருவிக்கு போக்கிமோன் ‘சுவோர்ட்’, ‘ஷீல்ட்’ இரண்டும் வரவிருந்தன. பழைய பாகங்களில் பிடித்து வளர்த்த எல்லாப் போக்கிமோன்களையும் இதற்குக் கொண்டுவர முடியாது என்று ஜூன் மாதம் சொன்னதும் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஐந்து மாதம் அதே பேச்சு. படித்துப் படித்து எனக்கும் கை நடுங்கி, ஆறே பிரதிக்குச் சொன்னேன். நவம்பர் 15, வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்தது. அந்த முதல் வார இறுதியில் மட்டும் உலகம் முழுக்க 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. மகனுக்கு வாங்க வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அந்த மஞ்சள் எலி இதுல வருமா?” பிக்காச்சுவைத்தான் சொல்கிறார். வரும் என்றேன். கொடுக்கத்தான் சரக்கு இல்லை.

எழுதுகிறவர்கள் யார் என்று பாருங்கள். இணையத்தில் கூடுகிறவர்களைப் பற்றி, இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மீதமுள்ள ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதித் தள்ளுவார். தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்து அரை மணி நேரம் கோல் அடித்துவிட்டுத் தூங்குகிறவர் எங்கும் எழுதுவதில்லை. அவர் அந்தக் கேமை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது, உங்கள் கல்லாவைத் தவிர.

எழுதுகிறவர்களும் எப்போதும் ஆடிப் பார்த்து எழுதுவதில்லை. 2020 ஜூன் 19-இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2’ வெளியானது. இருபது மணி நேரத்துக்கு மேல் ஆடினால்தான் முடியும் கேம். வெளியான சில மணி நேரத்திலேயே, கேம்களுக்கான மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம் போட்டுவிட்டார்கள்! மூன்று நாளில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் பிறகுதான் அந்தத் தளம், வெளியாகி 36 மணி நேரம் ஆகாமல் பயனர்கள் மதிப்பெண் போட முடியாது என்று கதவைச் சாத்தியது. அதைவிடக் கூத்து 2009-இல் நடந்தது. ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ என்ற போர் கேமைப் புறக்கணிப்போம் என்று கணினி ஆட்டக்காரர்கள், ஸ்டீம் என்ற கணினி கேம் இணையக் கடையில் குழு அமைத்தார்கள். வெளியான அன்று அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால், பலர் பெயருக்குக் கீழே ‘இப்போது ஆடுவது: மாடர்ன் வார்ஃபேர் 2’!

அதற்காக ரசிகன் பேச்சே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வந்தபோது, விமர்சகர்கள் பெரும்பாலும் கணினிப் பதிப்பை ஆடிப் பார்த்துப் பாராட்டியிருந்தார்கள். பிளேஸ்டேஷன் 4-இல் படம் திணறுகிறது, நடுவில் நின்றுபோகிறது என்று முதலில் கத்தியவர்கள் ரசிகர்கள்தான். ஒரே வாரத்தில், டிசம்பர் 18 அன்று, சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி வைத்தது. அந்த டிசம்பரிலேயே 13 மில்லியன் பிரதிக்கு மேல் விற்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விற்பனையும் திருப்தியும் ஒன்றல்ல. என் கடையில் விற்ற டிஸ்க் பத்து நாளில் ‘பழசா எடுத்துக்கிறீங்களாண்ணே’ என்று திரும்பி வந்தது.

ஆக, என்ன கோளாறு என்று ரசிகனிடம் கேளுங்கள், நன்றாகவே சொல்வான். எத்தனை பேருக்கு அது கோளாறு என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. தன்னைச் சுற்றி இருப்பவர்களைத்தான் அவன் பார்க்கிறான்.

இப்போது உங்கள் கால்பந்துக்கு வருவோம். வருஷா வருஷம் வரும் திட்டு ஒன்று உண்டு: “போன வருஷ ஆட்டத்துக்குப் புது ஜெர்சி மாட்டி விக்கிறாங்க.” ஒவ்வோர் ஆண்டும் வாங்குகிறவனுக்கு அது நியாயமான எரிச்சல். தோட்டத்திலிருந்து மோட்டாரில் வரும் பையன் கையில் இருப்பதோ மூன்று வருஷத்துப் பழைய டிஸ்க். அதில் அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் இன்னும் பழைய கிளப்பிலேயே இருப்பார். ரசிகன் குறையாகச் சொல்லும் புது ஜெர்சிக்காகத்தான் அவன் காசு சேர்த்து வருகிறான். இந்த வகைத் திட்டைத் தள்ளிவிடுங்கள். “பழைய மிஷின்ல நின்னு போகுது”, “ஆன்லைன்ல சேர முடியல” என்பவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 4 என்றால் அதுதான் உங்களைக் கடிக்கும்.

ஸ்டீமில் ஒரு கேமின் விமர்சனம் 80 விழுக்காடு என்று பார்த்தால் அது நூற்றுக்கு 80 மார்க் இல்லை. எழுதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ‘வாங்கலாம்’ என்றார்கள், அவ்வளவுதான். தவிர அது கணினிப் பதிப்பைப் பற்றியது.

இதையெல்லாம் விட நல்ல கருவி ஒரு நோட்டுப் புத்தகம். யார் எந்தக் கேமைக் கேட்டார்கள், விற்ற டிஸ்க் எத்தனை நாளில் பழசாகத் திரும்பியது என்று எழுதுங்கள். கதை கேம் மூன்று வாரத்தில் வந்தால் ஆடி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம், கவலை வேண்டாம். கால்பந்து மூன்று வாரத்தில் வந்தால் ஏதோ சரியில்லை. அப்புறம், கடைக்கு வரும் பையன்களில் எத்தனை பேர் போனில் மொபைல் லெஜெண்ட்ஸ் மட்டும் ஆடுகிறார்கள் என்றும் பாருங்கள். 2024-இல் ரியாத்தில் நம் மலேசிய அணியான சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அந்தக் கேமில் கோப்பை வென்றதை மணிக்கணக்கில் பேசும் பையனுக்கு டிஸ்க்கே தேவைப்படாது.

12 ஒரே தடவையில் வேண்டாம். 5 எடுங்கள், தீர்ந்தால் இரண்டு நாளில் மறுபடி தருவாரா என்று மொத்த வியாபாரியிடம் இப்போதே பேசி வையுங்கள். டிஸ்க் வந்த அன்றைக்கே ஒன்றைப் பிரித்து, கடையில் இருப்பதிலேயே பழைய பிளேஸ்டேஷன் 4-இல் போட்டு, அக்கா மகனை ஒரு சாயங்காலம் முழுக்க ஆடவிடுங்கள். நின்றுபோகிறதா இல்லையா என்று மட்டும் அவன் சொன்னால் போதும். பிரித்ததைப் பழசு விலைக்குத் தள்ளிவிடலாம்.