பழைய ரிமோட்டை அழுத்திப் பிடித்துக் கற்பித்தீர்களா?

வணக்கம் நண்பரே. பல கருவிகளுக்கான உங்கள் புதிய ரிமோட்டில் ‘சினிமா’ பட்டனை அழுத்தினால் டிவி இயங்குகிறது, ஆனால் அதன் பின்னால் ஒட்டிய எல்இடி பட்டை சில நாள் அளவுக்கு மீறி மங்குகிறது, சில நாள் அப்படியே எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

மங்குவது, பட்டையின் பழைய ரிமோட் அனுப்பும் சைகையைப் புதியதற்குக் கற்பித்த (பதியவைத்த) விதத்தால் வந்திருக்கும். இத்தகைய பட்டைகளின் ரிமோட்டுகள் பெரும்பாலும் என்இசி (NEC) என்ற அகச்சிவப்பு முறையில் சைகை அனுப்புபவை. பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால், சுமார் 110 மில்லி விநாடிக்கு ஒருமுறை ‘மீண்டும் செய்’ என்ற சைகை போகும். அரை விநாடி பிடித்தால் அப்படி நான்கு! புதிய ரிமோட் அத்தனையையும் பதிந்துகொண்டால், ஒரு தட்டலில் ஒளி ஐந்து படி இறங்கிவிடும். பதிவை அழித்துவிடுங்கள். இரண்டு ரிமோட்டுகளையும் வெயில் படாத மேசையில், நான்கு விரற்கடை இடைவெளியில் எதிரெதிரே வையுங்கள். பழையதை ஒரே தட்டு. உடனே விரலை எடுங்கள்.

பழைய ரிமோட் 44 பட்டன் கொண்டதாக இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு: பிடித்த மங்கல் நிறத்தை, நாமே அமைத்த நிறத்தைச் சேமிக்கும் டிஐஒய் (DIY) பட்டனில் சேமித்து, அந்தப் பட்டனையே கற்பியுங்கள். முன்பு எந்த நிலையில் எரிந்தாலும் அதே ஒளிக்கு வந்துவிடும்.

சில நாள் விளக்கு மாறாமல் அப்படியே எரிவதற்குக் காரணம் அநேகமாக, ரிமோட் சைகையை வாங்கும் பட்டையின் கறுப்பு மணி போன்ற உணர்கண். அது டிவிக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். அதை இழுத்து டிவியின் கீழ்விளிம்பில் ஒட்டுங்கள். டிவி கட்டளைக்கும் விளக்குக் கட்டளைக்கும் இடையே அரை விநாடி தாமதமும் சேர்த்துவிடுங்கள்.