சதைப்பற்றுச் செடிகளின் இலைக் கோளாறுகள்: கேள்வி பதில்

சென்னையில் மொட்டைமாடியிலும் ஜன்னலோரத்திலும் இருபது ஆண்டுகளாகச் சதைப்பற்றுச் செடிகளை வளர்த்துவருகிறேன். வந்த கேள்விகளில் இலை தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியுள்ளேன். எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: மருந்தைத் தேடுவதற்கு முன் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஊட்டியிலிருந்து வாங்கிவந்த எச்செவேரியாவின் அடி இலைகள் மூன்றே மாதத்தில் மஞ்சளாகிக் கண்ணாடிபோல் ஒளிபுகும்படி ஆகிவிட்டன, தொட்டாலே உதிர்கின்றன. வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றுகிறேன். போதவில்லையா, ஐயா? (வேளச்சேரி)

போதாமல் இல்லை அம்மா, மிகுந்துவிட்டது. தாகத்தில் வாடும் இலை மெலிந்து சுருங்கும், அடியிலிருந்து காகிதம்போல் காய்ந்துகொண்டு வரும். நீர் மிகுந்த இலையோ தன் உயிரணுக்கள் கொள்ளாத அளவுக்கு நீரை ஏற்று உடைந்து, கொழகொழத்துப் போகும். அடியில் ஓரிரு இலைகள் மட்டும் காய்ந்து உதிர்வது இயல்பான மூப்பு. அதற்குக் கவலை வேண்டாம்.

ஊட்டியில் நன்றாக இருந்த செடி இங்கே வந்து கெடுவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான எச்செவேரியா வகைகள் மெக்சிகோவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. இவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கும். அந்த வேலைக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். சென்னையில் மே மாத இரவுகள் பெரும்பாலும் 28 டிகிரியிலேயே நிற்பதால் செடி ஏறத்தாழ உறங்கிவிடுகிறது. உறங்கும் செடிக்கு ஊற்றிய தண்ணீர் வேரைச் சுற்றியே தங்கி அழுகலைக் கொண்டுவருகிறது. போதாக்குறைக்கு, நர்சரிச் செடிகள் பலவும் வெறும் தென்னைநார்க் கழிவில் நடப்பட்டு வருகின்றன. அது மேலே காய்ந்திருக்கும்போதும் உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

செடியை இன்றே தொட்டியிலிருந்து எடுத்து, நார்க்கழிவை உதிர்த்துவிட்டு, வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து கையோடு வரும். அழுகல் தண்டுவரை ஏறியிருந்தால், ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால், வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமே தெரியாத இடம்வரை சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு நான்கைந்து நாள் நிழலில் காயவைத்து, சலித்த செங்கல் துண்டு இரண்டு பங்கும், செம்மண்ணும் மட்கிய இலையுரமும் சேர்ந்து ஒரு பங்கும் கொண்ட உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்தே தண்ணீர் காட்டுங்கள். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்ப வேண்டாம்.

ஜேடு செடியின் இலைகள் சுருங்கிவிட்டன. ஆனால் மண் ஈரமாகவே இருக்கிறது. (கோயம்புத்தூர்)

ஈரமான மண்ணில் நிற்கும் செடியின் இலை சுருங்குகிறது என்றால், நீரை உறிஞ்சுவதற்கு வேர் இல்லை என்று பொருள். இந்தச் சுருக்கத்தைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றித்தான் பலர் செடியை இழக்கிறார்கள். முதல் பதிலில் சொன்னபடி வேரைப் பாருங்கள்.

ஜேடு இலையில் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். மாவுப்பூச்சி என்று எண்ணி வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து மூன்று முறை தெளித்தேன், இலைகள் உதிர்ந்துவிட்டன. (மதுரை)

படிக்கவே வருத்தமாக இருக்கிறது, ஐயா. நோயே இல்லாத செடிக்கு மருந்து கொடுத்துவிட்டீர்கள். ஜேடு இலையில் நீர் கசியும் நுண்துளைகள் உண்டு. உப்புநீர் பாய்ச்சினால், அத்துளைகளின் வழியே கசிந்த நீர் காய்ந்து உப்பு மட்டும் புள்ளியாகத் தங்கும். ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள்: கரைந்து போனால் உப்பு, பஞ்சுபோல் இழுபட்டால் மாவுப்பூச்சி, மாவு படலமாகப் பரவிக்கொண்டே வந்தால் சாம்பல் நோய்.

ஜேடு இலைக்கு எண்ணெயும் சோப்பும் ஒவ்வாமல் போவதுண்டு. எந்தத் தெளிப்பாக இருந்தாலும் ஒரே ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பொறுத்திருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பதிலாக மழைநீரையோ ஏ.சி. வெளியேற்றும் நீரையோ ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர் மட்டும் வேண்டாம். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இலைக்கணுக்களில் பஞ்சுபோல் இருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. (திருச்சி)

இது மாவுப்பூச்சியேதான். செடியைத் தனியே ஒதுக்குங்கள். 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காதுகுடையும் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்குமாதலால் வாரம் ஒருமுறை வீதம் நான்கு வாரம் செய்ய வேண்டும். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காக்கும் என்பதால் எறும்பையும் தடுக்க வேண்டும். வேரிலும் வெள்ளைப் பஞ்சு தென்பட்டால் மண்ணை முழுவதும் கழுவிவிட்டுப் புதுக்கலவையில் நடுங்கள்.

வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்றலாம்? (தாம்பரம்)

கிழமையைப் பார்த்து ஊற்றாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

கூழாங்கல் வேண்டாம் என்கிறீர்களே. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு போடுகிறோம். (பெருங்குடி)

துளையிலிருந்து மண் வெளியேறாதிருக்க ஒரு சில்லு வைப்பதில் தவறில்லை. நான் மறுப்பது இரண்டு அங்குலக் கல் அடுக்கை. நுண்ணிய மண்ணில் உள்ள நீர், அந்த மண் நிறைந்து வழியும்வரை பெரிய இடைவெளிகள் கொண்ட கல்லுக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் பகுதி கல்லின் மேல்விளிம்புக்கு, அதாவது வேருக்கு அருகே, உயர்ந்துவிடுகிறது. நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடித்துச் சொட்டுவது நின்ற பிறகு செங்குத்தாக நிமிர்த்துங்கள்: மீண்டும் சொட்டும். மண்ணின் உயரம் குறையக் குறைய வடிதலும் குறைகிறது.

பத்தாண்டாகக் கல் அடுக்கின் மேல்தான் என் கற்றாழை நிற்கிறது, ஓர் இலைகூட அழுகவில்லை. (காரைக்குடி)

உங்களுடையது மண்தொட்டி என்றும் திறந்த மாடியில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொட்டியின் சுவர் வழியே ஈரம் ஆவியாகிறது, காரைக்குடி வெயில் மிச்சத்தைக் காயவைக்கிறது. நன்றியை அவற்றுக்குச் சொல்லுங்கள். அதே கல்லை மெருகிட்ட பீங்கான் தொட்டியில் பரப்பி வீட்டுக்குள் வைத்தால் முடிவு வேறாக இருக்கும்.

அப்படியானால் கல்லே கூடாதா? துளையில்லாத கண்ணாடிக் குவளையில் அடியில் கல் பரப்பி விற்கிறார்களே? (பெருங்குடி, மீண்டும்)

கல்லைக் கலவை முழுவதும் கலந்துவிடுங்கள். அப்போது அதனால் நன்மை உண்டு. துளையில்லாத குவளையில் வடிவதற்கு வழியே கிடையாது. கண்ணுக்கு அழகாக இருக்கும் அந்தக் குவளையில் உங்கள் செடியை நடாதீர்கள்.

இலைகள் சிவக்கின்றன. (ஓசூர்)

வெயிலுக்கும் குளிருக்கும் ஈடுகொடுக்க இலை சேர்க்கும் ஆந்தோசயனின் நிறமி அது. இலை உறுதியாக இருந்தால் மகிழுங்கள்.

மணி பிளான்ட் இலை பழுக்கிறது. (ஈரோடு)

அது என் துறை அன்று. கொடி வகை வளர்ப்பவரிடம் கேளுங்கள்.

அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாமா? வாரம் எத்தனை முறை? (சேலம்)

வீட்டுக்குள் வைத்திருக்கும் சதைப்பற்றுச் செடிக்கு வேண்டாம். இரண்டாவது கேள்விக்குத் தாம்பரத்துக்கு எழுதியதே பதில். இதே கேள்வி இன்னும் ஆறு பேரிடமிருந்து வந்துள்ளது, அவர்களுக்கும் அதுவே.

பூனை கலன்கோ இலையைக் கடித்துவிட்டது. (போரூர்)

கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள். கலன்கோவில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் உண்டு.

எச்செவேரியா இலையின் வெண்பொடியைத் தூசு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அங்கங்கே பழுப்புத் தழும்பும் வந்துள்ளது. மறையுமா? (அம்பத்தூர்)

அந்தப் பொடி, கடும் வெயிலிலிருந்தும் நீரிழப்பிலிருந்தும் இலையைக் காக்கும் மெழுகு. அது போன இடத்தில் வெயில் சுட்டிருக்கிறது. அந்த இலைகளில் தழும்பு மறையாது; ஆனால் நடுவிலிருந்து வரும் புது இலைகள் பொடியோடு வரும். அதுவரை காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள், தழும்பு விழுந்த இலைகளைப் பிய்க்காதீர்கள். செடிக்கு அவை இன்னும் உணவு தயாரிக்கின்றன.