குளிரில் பழைய டீசல் லாரி ஸ்டார்ட் ஆக ஏன் அடம்பிடிக்கிறது?
டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ளும். எஞ்சின் சில்லிட்டுக் கிடந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரே குடித்துவிடும்; பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய வண்டியில் அழுத்தமும் கசியும். போதாக்குறைக்கு ஆயில் கெட்டியாகும், பேட்டரியும் சோர்ந்துபோகும்.

அதனால் சாவியைத் திருப்பியதுமே செல்ஃப் அடிக்காதீர்கள். குளோ பிளக் (சிலிண்டருக்குள் முன்கூட்டியே சூடேற்றும் மின்சாதனம்) இருந்தால் டாஷ்போர்டில் அதன் விளக்கு அணையும்வரை பொறுங்கள். கடுங்குளிரில் இரண்டு முறைகூடச் சூடாக்கலாம். செல்ஃபை 10, 15 விநாடிக்கு மேல் பிடிக்காமல் நடுவில் ஓரிரு நிமிடம் ஓய்வு விடுங்கள். செல்ஃப் மோட்டார் கருகினால் அது தனிச் செலவு. குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே (ஸ்டார்ட் செய்ய அடிக்கும், சட்டெனத் தீப்பற்றும் திரவம்) மட்டும் வேண்டவே வேண்டாம், வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும்.

ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோனால், டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கலாம்.