இந்த மாதம் எதில் இறங்கியிருக்கிறார்?

சென்ற இதழில் என் கணவரின் ஷார்ட் வேவ் ரேடியோ (தூர நாட்டு நிலையங்களைப் பிடிக்கும் ரேடியோ) பைத்தியத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்" என்று கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அதனால் இந்த முறை அவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். என் கணவர் முதலில் மீன் வளர்த்தார். வேலையாகச் சென்னைக்குப் போனால் கொளத்தூர் மீன் கடைகளைச் சுற்றாமல் திரும்ப மாட்டார். எட்டே மாதம். அப்புறம் கியர் சைக்கிள், அப்புறம் கேமரா, இப்போது அடினியம் என்ற பூச்செடி. பால்கனியில் 42 தொட்டி. இறங்கிவிட்டால் வேறு பேச்சே கிடையாது. விட்டுவிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. மீன் தொட்டி பரணில், சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே. நான் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: 1981-இல் நான் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தபோது வீட்டில் ஒழுங்கான கட்டில் கிடையாது. ரேடியோ மட்டும் இரண்டு இருந்தன. மொட்டை மாடிச் சுவரிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் செப்புக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார். ராத்திரி சாப்பிட்டதும் காதில் ஹெட்போன் ஏறிவிடும். எந்த நாட்டு நிலையம், ஒலி எவ்வளவு பலம், இரைச்சல் எவ்வளவு, குறுக்கீடு உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க் போட்டு, நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரத்தில் குறித்து, அந்த நிலையத்துக்கே தபால் அனுப்புவார். சரியாகக் கேட்டிருந்தால் அத்தாட்சியாக அவர்கள் ஓர் அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைக்காகத்தான் அத்தனை பாடும். இரண்டு வருஷம் அந்த ரேடியோ எனக்குச் சக்களத்தியாகவே தெரிந்தது. கோபத்தில் பேசாமல் படுத்த நாட்கள் உண்டு.

ஒரு மார்கழி ராத்திரி காற்றில் கம்பி அறுந்துவிட்டது. மாடிக்கு வந்து பிடிக்கச் சொன்னார். பனியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். "இன்னும் கொஞ்சம் கிழக்கே... அங்கேயே நில்லு!" என்று கீழேயிருந்து குரல். அப்புறம் என்னை அழைத்து ஹெட்போனை என் காதில் வைத்தார். அடுப்பில் எண்ணெய் பொரிகிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து, கடல் தாண்டி எங்கிருந்தோ, ஒரு பெண் தமிழில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரேடியோ ஆசை வந்துவிடவில்லை, இன்றுவரை வரவும் இல்லை. ஆனால் இவர் தினமும் எதைத் தேடுகிறார் என்பது புரிந்தது. அதற்குப் பிறகு சண்டை போடத் தோன்றவில்லை.

சண்டை நின்றாலும் ஏற்பாடு வேண்டும் அல்லவா? உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை, அதற்கு நான் கணக்குக் கேட்பதில்லை, அதற்கு மேல் அவர் தொடுவதில்லை. அவருக்கென்று ஒரு பீரோ. அது நிறைந்தால் பழையது ஒன்று போனால்தான் புதியது உள்ளே வரலாம். ரேடியோவுக்கு அப்புறம் பழைய நாணயம், அப்புறம் கைக்கடிகாரம் பழுது பார்ப்பது, இப்போது கல்வெட்டு என்று எல்லாமே அந்த ஒரு பீரோவுக்குள்தான். உங்கள் வீட்டிலும் பரணைச் சும்மா விடாதீர்கள் தங்கை. மீன் தொட்டியும் சைக்கிளும் புதிதாகத் தொடங்குகிற யாருக்காவது பாதி விலைக்குப் போகும். அதை விற்ற காசு அடினியத்துக்கு என்று சொல்லிப் பாருங்கள், அவரே பரணில் ஏறி இறக்கிவிடுவார்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உயிருள்ளதை விடுவதாக இருந்தால், அதற்கு வேறு ஒரு வீடு பார்த்த பிறகுதான் விட வேண்டும். தொட்டி மீனை ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். டேங்க் கிளீனர் மீன் நம் ஏரிகளில் பெருகி வலையைக் கிழிப்பது அப்படி வந்ததுதான். அடினியத்துக்கும் ஒரு வார்த்தை: அதன் பால் விஷம். கிளை வெட்டினால் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்ணீரை அதிகம் ஊற்றினால் வேர் அழுகிவிடும், மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் இருக்கட்டும்.

கேள்வி: என் மாமியார் மாடித் தோட்டம் தொடங்கி எழுபது பைகள் வைத்துவிட்டார். வீடு 1988-இல் கட்டியது. தளம் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. அத்தையிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவார்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இதை அத்தையின் மனசோடு சேர்த்துப் பார்க்காதீர்கள், இது எடைக்கணக்கு. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ என்று எடுத்துத்தான் நம் நாட்டில் கட்டடம் வடிவமைக்கிறார்கள். 20 லிட்டர் பையில் வெறும் தோட்ட மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவைத் தாண்டும். நாலைந்து பையை நெருக்கி வைத்தாலே கணக்கு முடிந்துவிடும். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் அதிகமாகச் சேர்த்த கலவை எவ்வளவோ லேசு. அதற்கு மாற்றுங்கள். பைகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரும் உத்தரமும் இருக்கிற ஓரங்களில் வையுங்கள். தரையில் நேரடியாக வேண்டாம், ஸ்டாண்டு போட்டால் கீழே ஈரம் தங்காது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான வீடு. ஒரு முறை சிவில் இன்ஜினியரை அழைத்துக் காட்டியே ஆக வேண்டும். அவர் வரும்போது அத்தையையும் மாடிக்கு அழைத்துப் போய், தோட்டத்தை அத்தையே சுற்றிக் காட்டட்டும். எதை எங்கே நகர்த்தலாம் என்று இன்ஜினியர் அவரிடம் பேசட்டும். மருமகள் சொல்வதைவிட அது நன்றாக எடுபடும்.

கேள்வி: அம்மா நாற்பது வருஷமாகக் கோல நோட்டு வைத்திருந்தார். இப்போது குரோஷா பின்னலில் இறங்கிவிட்டதால் பதினொரு நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார். போடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: போடாதீர்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். நம் சிக்குக் கோலமும் புள்ளிக் கோலமும் எந்த இலக்கணத்தில் நடக்கின்றன என்று கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். வாசல் கோலம் சாயங்காலத்துக்குள் அழிந்துவிடும், நோட்டுத்தான் மிச்சம். பக்கம் பக்கமாக போட்டோ எடுங்கள். எந்தக் கோலம் யாரிடம் கற்றது என்று அம்மாவையே கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். அவர் குரோஷா பின்னட்டும். நோட்டு உங்கள் அலமாரியில் இருக்கட்டும்.

கேள்வி: 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது என் மகனுக்கு ஏழு வயது. போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையைப் பார்த்து ஆரம்பித்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன அன்று சாப்பிடவே இல்லை. இப்போது வகுப்புக்குப் போக மாட்டேன், பறவை பார்க்கப் போகிறேன் என்கிறான். மூன்று வருஷம் கட்டிய பணம் வீணா?
– ஒரு தாய், சேலம்

பதில்: வீண் இல்லை. ஒரு பலகை முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரக் கற்றிருக்கிறான். பறவை பார்ப்பவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனவரைப் பார்த்து நாம் எல்லோரும் பூரித்தோம், அந்தக் கணக்கை நம் பிள்ளை தலையில் வைக்கக் கூடாது. பணம் கட்டிய மாதம் முடியும் வரை போகட்டும். நிற்கிறேன் என்று சாரிடம் அவனே நேரில் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு வரட்டும். செஸ் போர்டைக் கட்டி உள்ளே வைக்காதீர்கள்.

பைனாகுலர் இப்போதே வாங்க வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். காலையில் பதினைந்து நிமிஷம் மொட்டை மாடியில் நின்று மைனா எத்தனை, தையல்சிட்டு எத்தனை, செம்போத்து குரல் கேட்டதா என்று எழுதட்டும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. அதற்கும் பதினைந்து நிமிஷம் பார்த்துக் கணக்கெழுதினால் போதும். நீங்களும் கூட நில்லுங்கள். ஆறு மாதம் கழித்தும் எழுதிக்கொண்டிருந்தால் பைனாகுலர் வாங்குங்கள்.

கேள்வி: என் கணவர் பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்கிறார். "சிலருக்கு கிரிக்கெட் மாதிரி எனக்கு இது ஒரு ஹாபி" என்கிறார். நகை மேல் இரண்டு முறை கடன் வாங்கியாகிவிட்டது.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அம்மா, இது ஹாபி இல்லை. பொழுதுபோக்கு என்றால் கைக்காசு போகும், பொழுது போகும். அடகு வைத்த நகை போகாது. பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி அமைப்பே கணக்கெடுத்து வெளியிட்டிருக்கிறது: 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அவர் சொல்லும்போது இந்தக் கணக்கை எடுத்து முன்னால் வையுங்கள்.

உங்கள் சம்பளம் தனிக் கணக்கில் விழட்டும். மிச்ச நகை உங்கள் பெயரில் லாக்கருக்குப் போகட்டும். புதிய கடன் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவருடைய அண்ணனோ நண்பரோ, அவர் மதிக்கும் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். மறைக்க மறைக்கத்தான் வளரும். தூக்கம் இல்லை, எரிச்சல், மனம் உடைந்து பேசுகிறார் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். நீங்களும் உங்களுக்காகப் பேசலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. நாற்பது வருஷமாக ஸ்டாம்ப் சேர்த்தவர். "வீட்டில் விருந்தாளி வந்தால்கூடத் தலை நிமிர மாட்டாரே" என்று அம்மா திட்டாத நாள் இல்லை. அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அப்பா ஆல்பத்தைத் தொடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்க்கிறார். "எடுத்துப் பாருங்களேன் அப்பா" என்றால் "யாருக்கு?" என்கிறார். நான் பெங்களூரில் இருக்கிறேன். என்ன செய்வது அம்மா?
– ஒரு மகள், சொந்த ஊர் நாகப்பட்டினம்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், மகளே. அந்த "யாருக்கு?" மனசை விட்டுப் போகவில்லை. உங்கள் அம்மா திட்டினார், ஆனால் கூடவே இருந்து பார்த்தவரும் அவர்தான். புது ஸ்டாம்ப் வந்தால் அப்பா முதலில் யாரிடம் காட்டியிருப்பார்?

1941-இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ஷார்ட் வேவில் நின்றது. அன்றைக்கு இரவு ஒன்பதேகால் மணிக்கு என் கணவர் ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முடிந்த பிறகும் இவர் குமிழைத் திருப்பவில்லை, வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் ஆறு மாதம் எதிலும் பிடிப்பில்லை. "வேறு ஏதாவது செய்யுங்களேன்" என்று நான் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒரு நாள் அவர் பீரோவின் மேல்தட்டில், ரேடியோ நிலையங்கள் அனுப்பிய அட்டைகளை வைத்திருந்த பிஸ்கட் டின் துருப்பிடித்திருந்ததைப் பார்த்தேன். இறக்கிக் கூடத்தில் கொட்டி நானே துடைக்க ஆரம்பித்தேன். எது எந்த நாடு என்று எனக்குத் தெரியாது, கலந்து வைத்தேன். பொறுக்க முடியாமல் இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று நாள் ஆயிற்று அடுக்கி முடிக்க. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் சுவரில் கல்வெட்டு படிக்கப் போகிறோம். எழுத்து நிழல் விழுந்து தெளிவாகத் தெரிய டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிப்பது என் வேலை.

முதலில், அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், இந்த வயதில் மனச்சோர்வை "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. அப்புறம், உங்கள் ஊர் கடலோரம். ஈரக்காற்றில் ஆல்பத்தைத் திறக்காமலே வைத்தால் ஸ்டாம்பின் பின்பக்கக் கோந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளி விழும். இதை அப்பாவிடம் புத்திமதியாகச் சொல்லாதீர்கள். "அப்பா, ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?" என்று போனில் சந்தேகமாகக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த விஷயம், பதில் சொல்வார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு வந்த பழைய கடித உறைகளைத் தேடி எடுங்கள். கூடத்தில் அப்பா பார்வையில் படும்படி உட்கார்ந்து ஓர் அகலக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். இருபது நிமிஷம் ஊறினால் ஸ்டாம்ப் தானாகக் கழன்றுவரும், அதை அச்சில்லாத தாள் மேல் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் கத்தரிக்கோலை எடுத்து முதல் உறையை வெட்டத் தொடங்குங்கள். ஓரம் விடாமல் ஸ்டாம்பை நெருக்கி வெட்டப் போனால், அவரே எழுந்து வந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொள்வார்.