தொட்டிலில் தம்பி இருக்கிறானா?

வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்து திரும்ப வந்து தம் மக்களை மேலே எடுத்துக்கொண்டு போவதையும் உலக முடிவையும் சொல்கிற கடைசிக்கால நாவல்களைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கதைகளைப் படித்துத்தான் ஆண்டவரிடம் வந்தேன் என்று சிலர், அவற்றைப் படித்துத்தான் பல வருடம் தூக்கம் போனது என்று சிலர். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை, ஆறு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மதியம் தூங்கி எழுந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வருகை வந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். நான் ஓடிப்போய்ப் பார்த்தது அம்மாவை இல்லை, தொட்டிலை. தம்பி பிறந்து நாலு மாதம். சின்னக் குழந்தைகள் எல்லாரும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று கதையில் வந்திருந்தது. அவன் கால் ஒன்று துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். இப்போது எனக்கு ஒரு மகள். அவளுக்கு இந்தக் கதைகளைக் கொடுக்கலாமா? – ஒரு வாசகி

இப்போது வேண்டாம் சகோதரி. பெரியவளானதும் அவளே எடுத்துப் படித்தால் படிக்கட்டும், நீங்களும் கூட இருந்து பேசுங்கள். அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை இறையியலை எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது பாருங்கள்! தம்பி இருந்தால் வருகை இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இயேசு எங்கே இருந்தார்? விட்டுவிட்டுப் போகிறவராகத்தான் இருந்தார். 'உலகத்தின் முடிவுபரியந்தம் உங்களுடனேகூட இருக்கிறேன்' என்று சொன்னவரைப் பற்றி ஒரு குழந்தை மனதில் இப்படி ஒரு படம் விழுந்தால் அதை அழிக்க எத்தனை வருடம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் இருந்துதான் இந்தக் கதைகள் எல்லாம் பிறந்தன. அந்தப் பகுதி எப்படி முடிகிறது? 'ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்.' தேற்றுவதற்காக எழுதப்பட்டதைப் பயமுறுத்துவதற்கு எடுத்துக்கொண்டால், அதை எவ்வளவு பக்தியோடு செய்தாலும் பவுல் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் செய்கிறோம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'இரகசிய வருகை' என்ற சொல் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது? – ஒரு வாசகர்

அந்தச் சொல் எங்கேயும் இல்லை. ஆனால் சொல் இல்லை என்பதால் மட்டும் ஒரு உபதேசத்தைத் தள்ளிவிட முடியாது, 'திரித்துவம்' என்ற சொல்லும்தான் இல்லை. கருத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1 தெசலோனிக்கேயர் 4:16இல் பவுல் சொல்வது ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம். இவ்வளவு சத்தத்தோடு நடக்கப்போவதை இரகசியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்து இரண்டு கட்டமாக வருவார், முதலில் சபையை எடுத்துக்கொண்டு போவார், பிறகு உபத்திரவ காலம், அதற்கப்புறம்தான் எல்லாரும் பார்க்கிற வருகை என்று ஒழுங்கான வரிசையாக்கிப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882) என்ற பிரசங்கியார். 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமம் அதைக் குறிப்புகளாக வசனத்துக்குக் கீழேயே அச்சிட்டது. குறிப்பு எது, வசனம் எது என்ற வேறுபாடு பல வீடுகளில் மறைந்துபோனது அதற்குப் பிறகுதான். தானியேல் 9:27இல் வரும் 'ஒரு வாரம்' நாவல்களில் ஏழு வருட ஒப்பந்தமாக மாறியதும் இந்த வழியில்தான்.

இன்னொன்று. நம் தமிழ் வேதாகமத்தில் 1 தெசலோனிக்கேயர் 4:17இல் 'கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக' என்று இருக்கிறது, எவ்வளவு அழகான சொல்! ஒருவரை எதிர்கொண்டு போகிறோம் என்றால் அவரோடு வேறு ஊருக்குப் போய்விடுவதற்கா போகிறோம்? பாதி வழி போய் அவரை நம் வீட்டுக்கு அழைத்து வருவதற்கு. கிரேக்கத்தில் அங்கே இருக்கும் 'அபந்தேசிஸ்' என்ற சொல் அப்போஸ்தலர் 28:15இலும் வருகிறது. ரோமிலிருந்த சகோதரர்கள் பவுலை எதிர்கொண்டு வந்தார்கள், அப்புறம் எல்லாருமாக ரோமுக்குத்தான் போனார்கள். பத்துக் கன்னிகைகள் கதையிலும் அதே சொல், அங்கேயும் மணவாளனோடு கல்யாண வீட்டுக்குள் போகிறார்கள். இதற்கு மறுபக்கம் உள்ளவர்கள், 'உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன்' என்று இயேசு சொன்ன யோவான் 14:3ஐக் காட்டுவார்கள், அதையும் வாசியுங்கள். ஆனால் பூமியை விட்டு ஓடுவதுதான் நம்பிக்கை என்ற எண்ணத்துக்கு இந்த வசனத்தில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வயலில் இரண்டு பேர் இருப்பார்கள், 'ஒருவன் கைவிடப்படுவான்' என்று இயேசுவே சொன்னாரே? – ஒரு வாசகர்

சொன்னார், மத்தேயு 24:40. முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். நோவாவின் காலத்தில் ஜலப்பிரளயம் வாரிக்கொண்டு போனது அழிந்தவர்களை, மிஞ்சி நின்றது நோவாவும் அவன் வீட்டாரும். அப்படிப் பார்த்தால் எடுக்கப்படுவது நல்லதா, விடப்படுவது நல்லதா என்ற கேள்வி வருகிறது. அதே நேரம் கிரேக்கத்தில் இரண்டு வசனத்திலும் வெவ்வேறு வினைச்சொற்கள் இருக்கின்றன, அதனால் இதை வைத்து ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தமிழில் 'ஏற்றுக்கொள்ளப்படுவான்', 'கைவிடப்படுவான்' என்று போட்டபோதே மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல் வரிசையில் ஒரு இளைஞனுக்கு மயக்கத்தில் வைத்து, கிறிஸ்துவுக்கு எதிரானவனின் அடையாளமான மிருகத்தின் முத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். அதைப் படித்ததிலிருந்து, எனக்குத் தெரியாமலே ஏதாவது அட்டையிலோ ஊசியிலோ அது வந்துவிடுமோ என்று பயம். – ஒரு கல்லூரி மாணவி

அந்தப் பகுதி பல வாசகர்களைக் குழப்பியது உண்மைதான் தங்கச்சி. ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 14:9 மிருகத்தை வணங்குவதையும் முத்திரை தரித்துக்கொள்வதையும் சேர்த்தே சொல்கிறது. யாரை வணங்குகிறாய் என்பதுதான் அங்கே விஷயம். நமக்குத் தெரியாமல் உடம்பில் ஒட்டிக்கொள்கிற ஒன்றை யோவான் எழுதவே இல்லை. அதே 14ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இன்னொரு கூட்டத்தின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது, அதை மட்டும் யாரும் இயந்திரத்தில் தேடுவதில்லை!

வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்துக்குச் சொல்கிற 666 என்ற எண்ணைப் பற்றியும் கேட்டிருந்தாய். எபிரெயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை, 'நீரோ கேசர்' என்று, கிரேக்க உச்சரிப்பின்படி எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும், லத்தீன் உச்சரிப்பின்படி எழுதினால் 616. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 616 என்றே இருக்கிறது, 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சபைத் தலைவர் இரேனியுவுக்கே அது தெரியும், தவறான பாடம் என்று மறுத்தார். முதலில் அந்தப் புத்தகத்தைக் கேட்டவர்கள் ரோமப் பேரரசின் கீழ் இருந்த சின்னச் சின்ன சபையார். அவர்களுக்குப் புரியாத ஒன்றை வைத்துக்கொண்டு நீ ராத்திரி விழித்திருக்க வேண்டாம்.

'லெஃப்ட் பிஹைண்ட்' 16 புத்தகத்தையும் படித்தேன். அதற்கப்புறம்தான் ஜெபிக்க ஆரம்பித்தேன். நாவல் நாவல்தானே அண்ணா, ஏன் குறை சொல்கிறீர்கள்? – ஒரு இளைஞர்

நீ ஜெபிக்க ஆரம்பித்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன் தம்பி. டிம் லஹே, ஜெர்ரி ஜென்கின்ஸ் இருவரும் 1995இல் தொடங்கி 2007இல் முடித்த அந்த வரிசையில் எனக்கும் பிடித்த ஒரு இடம் உண்டு. புரூஸ் பார்ன்ஸ் என்ற உதவிப் போதகர், சபை முழுக்கப் போனபின் தனியாக விடப்பட்டு, தான் சொன்னதைத் தானே நம்பவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். போதகர்கள் எல்லாரும் அந்த இடத்தை வாசிக்கலாம்.

ஆனால் யோசித்துப் பார். கதை நகர வேண்டும் என்றால் விடப்பட்டவர்கள்தான் நாயகர்களாக வேண்டும். எடுத்துக்கொள்ளப்பட்டவர்களுக்குக் கதையில் வேலையே இல்லை. அதனால் பின்னால் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கட்டாயம் தேவைப்படுகிறது. எச்சரிக்கையாக ஆரம்பித்தது, 'பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற இடத்துக்கும் வாசகனைக் கொண்டுபோய்விடும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. போர் நடக்கிறது, குண்டு விழுகிறது, பிள்ளைகள் சாகிறார்கள். அதைக் கேட்டவுடன் 'தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது' என்று முகம் மலர்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உண்மையான ஊர்களும் உண்மையான மனிதர்களும் நாவலின் அட்டவணையில் காய்களாகிவிடுகிறார்கள். எருசலேமைப் பார்த்து இயேசு அழுதார். அவருடைய பிள்ளைகள் அதே ஊரின் செய்தியைச் சந்தோஷத்தோடு எதிர்பார்ப்பது என்னால் தாங்க முடியாத விஷயம்.

கொஞ்சம் வேறு மாதிரி ஒன்று வேண்டுமென்றால், ராபர்ட் ஹியூ பென்சன் என்ற கத்தோலிக்கக் குரு 1907இல் எழுதிய 'லார்ட் ஆஃப் த வேர்ல்ட்' கிடைக்கிறதா பார். அதில் யாரும் தப்பித்து மேலே போவதில்லை, சபை கடைசிவரை உபத்திரவத்துக்குள்ளேயே நிற்கிறது.

என் மனைவி போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். பேரன் இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு வந்து, 'உயிரோடு இருக்கிறவங்கதான தாத்தா மேல போவாங்க, அப்ப பாட்டி?' என்கிறான். என்ன சொல்வது? – 74 வயது வாசகர்

ஐயா, உங்கள் பேரன் கேட்டதைத்தான் தெசலோனிக்கேயரும் கேட்டார்கள். வருகைக்கு முன்னால் தங்களில் சிலர் இறந்துபோனார்கள், அவர்கள் கதி என்ன என்று கலங்கினார்கள். அதற்காகத்தான் பவுல் அந்தப் பகுதியையே எழுதினார். உயிரோடு இருக்கிற நாம் அவர்களுக்கு முந்திக்கொள்வதில்லை, கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று.

13ஆம் வசனத்திலிருந்து 18 வரைக்கும் அவனை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். பாட்டிதான் முதலில் எழுந்திருப்பாள் என்று சொல்லுங்கள்.