வெள்ளியும் விலையேற்றமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் விலைவாசி பல மடங்கு ஏறியதற்கு அமெரிக்க வெள்ளியே காரணம் என்று கல்லூரியில் படித்தேன். அந்த வெள்ளியில் ஒரு பெரும் பங்கு சீனாவுக்குப் போய்விட்டதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது முழுப் பிழையன்று. பணம் பெருகும் நாட்டில் பொருள்களின் விலை ஏறும் என்று ஸ்பெயினின் மார்ட்டின் தே அஸ்பில்குவேட்டா 1556-இலும் பிரான்சின் ழான் போதேன் 1568-இலும் எழுதினார்கள். ஆனால் காலவரிசையைப் பாருங்கள். தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி மலையில் வெள்ளி கண்டறியப்பட்டது 1545-இல். பாதரசம் கலந்து தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை அங்கே வந்து, ஆண்டிய மலைக் கிராமத்தினர் முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்ட 1570-களுக்குப் பிறகே உற்பத்தி பெருகியது. விலைகளோ அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏறத் தொடங்கியிருந்தன. கொள்ளைநோயின் அழிவிலிருந்து மீண்டு மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருந்தது. நடு ஐரோப்பாவின் டிரோல், பொஹீமியா சுரங்கங்கள் ஏற்கெனவே வெள்ளி தந்துகொண்டிருந்தன. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1544 முதல் நாணயத்தின் மாற்றையே, அதாவது அதிலுள்ள உலோகத்தின் தூய்மையையே, பெருமளவில் குறைத்தார். தானிய விலை ஏறிய வேகத்தில் துணி விலை ஏறவில்லை என்பதை நான் முதன்மையான சான்றாகக் கருதுகிறேன். வெள்ளி மட்டுமே காரணமென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக ஏறியிருக்க வேண்டும்.

சீனாவில் மிங் அரசின் காகிதப் பணம் மதிப்பிழந்த பின் மக்கள் வெள்ளிக்கு மாறியிருந்தார்கள். 1581-இல் மிங் அரசின் முதன்மை அமைச்சர் ஜாங் ஜூஜெங் நிலவரியையும் ஊழியக் கடமைகளையும் சேர்த்து வெள்ளியில் செலுத்தும் ஒரே வரியாக நாடெங்கும் ஆக்கியபோது, உழவர்களும் வெள்ளி தேட வேண்டியதாயிற்று. அங்கே வெள்ளிக்கு முத்திரையால் மதிப்பு வரவில்லை, எடையால் வந்தது. வணிகர் பாளத்தைக் கத்தரியால் துண்டித்து, சிறு தராசில் நிறுத்து, மாற்றுப் பார்த்து வாங்கினார். ஸ்பானிய பேசோ நாணயமும் அவருக்கு வெறும் உலோகம்தான். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஒரு பங்கு பொன்னுக்குச் சீனாவில் ஏறக்குறைய 6 பங்கு வெள்ளி, ஸ்பெயினில் ஏறக்குறைய 12 பங்கு. இத்தனை இடைவெளி இருக்கையில், 1571-இல் ஸ்பானியர் வசமான மணிலா வழியாகவும், ஐரோப்பா வழியாகச் சுற்றிக்கொண்டும், வெள்ளி சீனாவுக்குப் போகாமல் எப்படி இருக்கும்?

ஐரோப்பாவில் வெள்ளி மலிந்தது விலையேற்றத்துக்கு ஒரு காரணம். அங்கே மலிந்ததாலேயே அது மதிப்புள்ள இடத்தைத் தேடிச் சென்றது. சீனா அதை ஈர்த்துக்கொள்ளாவிட்டால் ஐரோப்பிய விலையேற்றம் இன்னும் கடுமையாகியிருக்கும், பொட்டோசிச் சுரங்கங்களின் லாபமும் முன்பே சரிந்திருக்கும் என்பது என் மதிப்பீடு. 1640-களில் சீனாவிலும் ஸ்பெயினிலும் பொன்னுக்கு வெள்ளியின் விகிதங்கள் நெருங்கிவந்தபோது அந்த லாபம் வற்றியது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் மையப் பகுதியான காஸ்டீல் கண்ட விலைக் குழப்பத்துக்கு வெள்ளியைக் குறைசொல்ல முடியாது. ஸ்பானிய அரசர் மூன்றாம் பிலிப் 1599 முதல் அச்சிட்டுக் குவித்த செப்புக் காசுகளே அப்போது அங்காடியில் கைமாறின.