4 பேருக்கு 10×6×8 அடி செப்டிக் டேங்க் தேவையா?

நண்பரே, வீட்டில் 4 பேர், தொட்டி வரும் இடத்திலிருந்து 25 அடி தூரத்தில் கிணறு, கொத்தனார் 10×6×8 அடி தொட்டிக்குச் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அளவுதான் செலவை ஏற்றுகிறது. உள்ளளவு 6×3 அடி, ஆழம் 5 அடி உங்களுக்குத் தாராளம். தண்ணீர் 4 அடி நின்றாலே 2,000 லிட்டர். 9 அங்குலச் சுவருக்கு அவர் அளவில் சுமார் 3,000 செங்கல் போகும், இதில் 1,100 போதும். குழி வெட்டும் கூலி, சிமெண்ட், மேல்சிலாப் எல்லாம் அதோடு இறங்கும்.

அடியில் கான்கிரீட் இல்லாமல் சிமெண்ட் உறை (வளையம்) மட்டும் இறக்கினால் மலிவு என்பார்கள். கிணற்றை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்யவே செய்யாதீர்கள். தளமும் உள்பூச்சும் கட்டாயம். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி, கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். பைப் செலவு கூடினால் கூடட்டும், குடிக்கிற தண்ணீர்.

வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிட 2 அங்குலம் தாழ்வாக வரவேண்டும். இரண்டிலும் 4 அங்குல டீ (T வடிவக் குழாய் இணைப்பு) மாட்டி, அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஓரடி இறங்கட்டும். சில நூறு ரூபாய் டீயை விட்டுவிட்டால், மேலே மிதக்கும் ஏடு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் மழைக்காலத்தில் கக்கூஸில் தண்ணீர் இறங்காது.

பூச்சு காய்ந்ததும் தொட்டியை நிரப்பி, சுவரில் கரிக்கோடு போட்டு, மறுநாள் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் சிலாப் போடும் முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டு மறுபூச்சு பூசச் சொல்லுங்கள்.